ஈரக்காற்றில் நூல் காக்கும் ஒரு கிளை நூலகம்

நீலகிரியில் ஒரு நூலகம் நல்ல நூலகம்தானா என்று அறிய விரும்புகிறவர், அங்கே எத்தனை ஆயிரம் நூல்கள் இருக்கின்றன என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. உள்ளே போய், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே கை தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் எங்கள் சிற்றூரின் கிளை நூலகத்தில் அந்த இடம் இருக்கிறது. எந்த அலமாரியும் சுவரோடு ஒட்டவில்லை. அடித்தட்டுகள் தரையிலிருந்து ஒரு செங்கல் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கின்றன. மலையில் நூல்களோடு வாழ்ந்து பழகியவர்களுக்கு, இந்த இரண்டைப் பார்த்ததுமே இங்கே பொறுப்பில் இருப்பவர் தம் வேலையை அறிந்தவர் என்பது விளங்கிவிடும்.

நான் சமவெளியில் ஒரு கல்லூரி நூலகத்தில் நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, பிறந்த ஊருக்கே திரும்பி வந்தவள். வீட்டு வேலைகளை முடித்துக்கொண்டு, வெயில் ஏறியதும் நூலகத்துக்கு நடந்து போய் உச்சிவேளை வரை அங்கே இருப்பது என் வழக்கம். இந்த நூலகம் பற்றி ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களும், அண்மையில் ஓய்வு பெற்றவர்களும், பிள்ளைகளைப் போட்டித் தேர்வுக்குத் தயார் செய்யும் பெற்றோரும் என்னிடம் விசாரிப்பதுண்டு. தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, நிறைகளையும் குறைகளையும் ஒருசேர எழுதிவிடுவது பயன்படும் என்று தோன்றியது.

முதலில் ஈரத்தைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மலை நூலகங்களின் தலையெழுத்தை அதுதான் எழுதுகிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. மழை பெய்யாத நாட்களிலும் மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து, சன்னல் திறந்திருந்தால் அறைக்குள்ளேயே புகுந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றுவிட்டால், நூல்களில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பது நூல் பாதுகாப்பில் பாடமாகவே சொல்லப்படுவது. எங்கள் ஊரில் அந்த அளவைத் தாண்டாத மாதங்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பூஞ்சணம் தாளில் தொடங்குவதைவிட முதுகில் தொடங்குவதே அதிகம். கட்டுத்துணியிலும் பசையிலும் இருக்கும் மாவுப்பொருள் அதற்கு நல்ல உணவு. முதலில் சாம்பல் தூவினாற்போல் ஒரு வெண்மை தெரியும். துடைத்தால் போய்விடும், பத்து நாளில் திரும்பவும் வரும். பிறகு பச்சையும் கறுப்புமாகப் புள்ளிகள் விழுந்து, அந்தக் கறை என்றைக்கும் போகாது.

இந்தக் கிளையின் நூலகர் இதற்குச் செய்வதைப் பார்த்து, நானும் ஒரு நூலகர் என்ற முறையில் மனம் நிறைந்தேன். காற்றோட்டம் வேண்டும் என்று படித்தவர்கள் காலையில் வந்ததும் எல்லாச் சன்னல்களையும் திறந்துவிடுவார்கள். சமவெளியில் அது சரி, மலையில் அதுவே நூலுக்கு எமன். இவர் வந்ததும் வெளியே நின்று எதிர்ச்சரிவைப் பார்க்கிறார். பனி கலைந்து, எதிரே இருக்கும் தேயிலைக் காட்டின் வரிசைகள் தனித்தனியாகத் தெரிந்தால்தான் சன்னல்களைத் திறக்கிறார். மாலையில் பனி ஏறத் தொடங்கும் முன்பே மூடிவிடுகிறார். நல்ல வெயில் அடிக்கும் நாளில் ஓர் அலமாரியின் நூல்களை எடுத்து, முன்திண்ணை நிழலில் மேசை போட்டு, பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி வைக்கிறார். நேர் வெயிலில் காயப் போட்டால் தாள் பழுத்து நொறுங்கும், அட்டை வளையும்; நிழல்காற்றுதான் வேண்டும். பூஞ்சணம் கண்ட நூலை ஈரத்துணியால் துடைக்காமல், கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய், மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் காற்று வீசும் திசையில் தட்டிவிடுகிறார். உள்ளேயே தட்டினால் ஒரு நூலின் பூஞ்சணம் அலமாரி முழுவதற்கும் போய்ச் சேரும். இதையெல்லாம் யாரும் அவருக்கு ஆணையிட்டுச் செய்யச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒருநாள் அவர் ஒரு பழைய நாவலின் முதுகை எனக்குக் காட்டினார். முதுகுத்துணியின் ஓரத்தில் நூலிழை அளவுக்கு ஒழுங்கற்ற அரிப்பு; மேலட்டையின் வழவழப்பு மட்டும் ஆங்காங்கே சுரண்டப்பட்டிருந்தது. துளை எதுவும் இல்லை. இராமபாணம் என்று இருவருமே ஒரே நேரத்தில் சொன்னோம். ஈரமும் இருட்டும் மாவுப்பசையும் இருந்தால் அந்தப் பூச்சி வந்துவிடும். அலமாரிகளில் அவர் அந்துருண்டையைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். சில தட்டுகளில் வசம்புத் துண்டுகளும் கிடக்கின்றன. ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்த வழக்கம் இன்றும் தொடர்வதைக் கண்டு எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இவையெல்லாம் துணை மட்டுமே, ஈரத்தைக் குறைப்பதும் தூசி தட்டுவதும்தான் மருந்து என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. கட்டுப் பிரிந்த நூல்களைக் கட்டித் தருகிற பெரியவர் மைதாப் பசை காய்ச்சும்போது அதில் மயில்துத்தம் கலக்கிறார். அந்தக் காலத்துப் புத்தகக் கட்டாளர்கள் எல்லோரும் செய்ததுதான். துத்தம் கலந்த பசையைப் பூச்சி எளிதில் தொடாது. அவர் கட்டிய நூல்களை முதுகைத் தொட்டாலே அடையாளம் தெரியும். நூல் விரித்தால் விரிந்தபடி கிடக்கும், பக்கத்தை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. கைவிரல்களில் வலி உள்ள என் வயதுக்காரர்களுக்கு இது சிறிய நன்மை அன்று.

அன்பளிப்பாக வரும் நூல்களை இங்கே நேராக அலமாரியில் அடுக்குவதில்லை. மலையில் பூட்டிக் கிடக்கும் பங்களாக்கள் ஏராளம். உரியவர்கள் வீட்டை விற்கும்போது, பெட்டி பெட்டியாக நூல்களைக் கொண்டுவந்து நூலக வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். நல்ல எண்ணத்தோடு தரப்படுபவைதான். ஆனால் அந்தப் பெட்டிகளில் பல ஆண்டு ஈரம் உறைந்திருக்கும். இந்த நூலகர் அவற்றைப் பின்புறம் தனி அறையில் வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, உலர்த்தி, பூச்சியோ பூஞ்சணமோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே பதிவேட்டில் சேர்க்கிறார். கொடுத்தவர்கள் மறுவாரமே வந்து தங்கள் நூல் அலமாரியில் இல்லையே என்று வருத்தப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். காரணத்தை விளக்கி ஒரு சிறு பலகை வைத்தால் அந்த மனத்தாங்கல் வராது.

நூல்களைக் காப்பதில் இவ்வளவு அக்கறை காட்டும் இடத்தில், அவற்றைக் கண்டெடுக்கும் வழி மட்டும் சீராக இல்லை. இதுதான் என் முதன்மையான குறை. சீர்காழியில் 1892இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்து, இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. இங்கே அலமாரிகள் திறந்தே இருக்கின்றன, யாரும் போய் எடுத்துப் பார்க்கலாம், அது நல்லதே. ஆனால் பட்டியல் இல்லை. நூல்விவர அட்டைகளை வைக்கும் பேழை ஒன்று மூலையில் நிற்கிறது. அதில் பல ஆண்டுகளாகப் புதிய அட்டை எதுவும் சேரவில்லை. கணினியில் பதிந்திருப்பதை வாசகர் தாமே பார்த்துத் தேட வசதி செய்யப்படவில்லை. எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது நூலகரின் நினைவில் இருக்கிறது. அவர் நினைவு அபாரமானது, அதில் எனக்கு ஐயமே இல்லை. அவர் விடுப்பில் போகும் நாளில் நூலகத்தின் பட்டியலும் அவரோடு விடுப்பில் போய்விடுகிறது.

தமிழ் இலக்கிய அலமாரியில் இந்தக் குறை பெரிதாகத் தெரிகிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்குவதற்காக 1876இல் மெல்வில் தூயி வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியத்துக்கு உரிய எண் 894.811. தமிழ்நாட்டுக் கிளை நூலகம் ஒன்றில் இருக்கும் நூல்களில் பெரும்பகுதி தமிழ் இலக்கியம்தான் என்பதால், முதுகு முதுகாக இதே எண்தான் வரிசையாகப் போகும். அதற்குப் பின்னால் கவிதைக்கு ஒன்று, நாடகத்துக்கு இரண்டு, புனைகதைக்கு மூன்று என்று ஓர் இலக்கம் சேரும். அந்த இலக்கத்துக்கும் பிறகு ஆசிரியர் பெயரின் முதலெழுத்துக்களைக் குறித்து, அகர வரிசையில் அடுக்கினால்தான் தேடுகிறவருக்கு வழி கிடைக்கும். இங்கே புனைகதைகள் வந்த வரிசையில் நிற்கின்றன. ஒரே எழுத்தாளரின் நாவல்கள் மூன்று அலமாரிகளில் சிதறியிருக்கின்றன.

தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்குவதில் சில நுணுக்கங்கள் உண்டு. நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருவதால், உ.வே. சாமிநாதையரைத் தேடி வருகிற மாணவர் உகர வரிசையில் போய் நிற்பார். நூலோ சகர வரிசையில் இருக்க வேண்டும். புனைபெயரால் அறியப்பட்டவரைப் புனைபெயரிலேயே வைக்க வேண்டும். கல்கியைக் கிருஷ்ணமூர்த்தி என்றோ, புதுமைப்பித்தனை விருத்தாசலம் என்றோ வைத்தால் யாருக்கும் அகப்படாது. இத்தகைய இடங்களில், இந்தப் பெயரை அங்கே பார்க்கவும் என்று ஒரு குறிப்பட்டை வைப்பதுதான் முறை. பத்துப் பதினைந்து தன்னார்வலர்கள் கோடை விடுமுறையில் உட்கார்ந்தால் முடித்துவிடக் கூடிய வேலை இது. ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். வாசகர் வட்டக் கூட்டத்தில் இதைச் சொன்னேன், தலையசைத்தார்கள், இன்னும் நாள் குறிக்கவில்லை.

படிப்பறை விசாலமானது. கிழக்குப் பார்த்த சன்னல்களால் முற்பகலில் விளக்கே தேவையில்லை. பிற்பகலில் பனி இறங்கினால் எல்லா விளக்குகளையும் போட்டாலும் சுவரோர மேசைகளில் சிறிய எழுத்தைப் படிக்க முடியாது. கண்ணாடி போட்டவர்கள் முற்பகலில் வருவதே நல்லது. நாளிதழ்கள் வைக்கும் நீண்ட மேசையைச் சுற்றிக் காலையில் வழக்கமான முகங்கள்தான்: ஓய்வு பெற்றவர்கள், இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் முன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும் தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளிகள், சந்தைக்கு வந்த வழியில் நுழைகிறவர்கள். இவர்களில் 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலைகளில் குடியமர்ந்த தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவரும் உண்டு. அவர்களில் ஒருவர், அக்கரையில் இருக்கும் உறவினர்களின் ஊர்ச்செய்தி வந்திருக்கிறதா என்று முதலில் வெளிநாட்டுப் பக்கத்தைத்தான் புரட்டுவார். அதன்பின் பத்திரிகையை ஒழுங்காக மடித்து, அடுத்தவர் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் எழுவார்.

பத்து மணிக்கு மேல் இந்த அறை போட்டித் தேர்வு மாணவர்களுடையதாகிவிடுகிறது. இது மகிழ்ச்சிக்கு உரியதுதான். தோட்டக் குடியிருப்பில் ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீட்டிலிருந்து வருகிற பெண்ணுக்கு, ஒரு நாற்காலியும் மேசையும் அமைதியும் கிடைக்கிற ஒரே இடம் இது. ஆனால் அவர்கள் கொண்டுவரும் சொந்தப் புத்தகங்களும் பைகளும் மேசைகளை அடைத்துக்கொள்கின்றன. சாப்பிடப் போகிறவர்கள் இடம்பிடித்து வைத்துவிட்டுப் போவதால், நூலக நூலை எடுத்துப் படிக்க வந்த முதியவர் நின்றுகொண்டே புரட்டிவிட்டுப் போக நேர்கிறது. இதில் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாடியில் பயன்படாமல் கிடக்கும் அறையைச் சுத்தம் செய்து அவர்களுக்குத் தனியாகக் கொடுத்துவிட்டால் இருசாராருக்கும் நல்லது. அந்த அறையின் வடக்குச் சன்னலில் கண்ணாடி உடைந்து, அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். அதை மாற்றாமல் யாரையும் அங்கே உட்கார வைக்க முடியாது.

குழந்தைகள் பகுதி சிறியது. வண்ணப் படப் புத்தகங்கள் நன்றாகவே இருக்கின்றன. பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் புத்தகங்கள் அச்சாகும் வழவழப்பான தாள் நனைந்து, மூடியபடியே காய்ந்துவிட்டால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கவே முடியாமல் போகும். நனைந்துவிட்டால் மறைக்காமல் உடனே கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள். ஈரம் இருக்கும்போதே பக்கங்களுக்கிடையே வெறுந்தாள் வைத்துப் பிரித்து உலர்த்தினால் காப்பாற்றிவிடலாம். இந்த நூலகர் அதற்காக யாரையும் திட்டியதில்லை.

இனிச் சொல்லப் போவது குறையா ஏக்கமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இந்த மலையைப் பற்றிய நூல்கள் இந்த மலையின் கிளை நூலகத்தில் அரிதாகவே இருக்கின்றன. உலகின் மொழியியலாளர்களும் மானிடவியலாளர்களும் நீலகிரியைத் தேடி வந்தது ஊரறிந்த செய்தி. மானிடவியலாளர் ரிவர்ஸ் இங்கே தங்கி ஆராய்ந்து, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களைப் பற்றிய தம் நூலை 1906இல் வெளியிட்டார். மொழியியலாளர் எமனோ 1930களில் வந்து தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்தார். மாவட்டத்தைப் பற்றி 1880இல் கிரிக் தொகுத்த கையேடும், 1908இல் பிரான்சிஸ் எழுதிய விவரச்சுவடியும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கிற மாணவர் எளிதாக எடுத்துப் படிக்கிறார். எவருடைய பாட்டன் பூட்டன் வாழ்க்கையை எழுதினார்களோ அந்தப் பிள்ளைகளுக்கு அவை கைக்கெட்டவில்லை. படகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவைப் பற்றிப் பள்ளிக் கட்டுரை எழுத வேண்டும் என்று பக்கத்து ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, ஒரு சிறுமி வந்து கேட்டாள். நூலகரும் நானும் தேடிப் பார்த்ததில், பொதுவான மாவட்ட அறிமுக நூல் ஒன்றில் அரைப்பக்கம்தான் அகப்பட்டது. "எங்க ஹெத்தெகிட்டயே கேட்டு எழுதிக்கறேன் அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாட்டியிடம் கேட்டு எழுதுவது நல்ல வழிதான். அப்படி எழுதியதை வாங்கி ஒரு பிரதி நூலகத்தில் சேர்த்து வைக்கும் ஏற்பாடும் இருந்தால், அடுத்து வரும் பிள்ளைக்கு அது நூலாகவே கிடைக்கும்.

உதகமண்டலத்தில் 1859இல் தொடங்கப்பட்ட நீலகிரி நூலகத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். கட்டடக் கலைஞர் இராபர்ட் சிசம் வடிவமைத்த அந்தச் செந்நிறக் கட்டடத்தின் உயர்ந்த படிப்பறையும் பழைய நூல்களும் இந்த மலையின் பெருமைகளில் சேர்ந்தவை. பழைய நீலகிரி நூல்களைத் தேடுகிறவர்கள் அங்கே போவதே முறை. ஆனால் அது உறுப்பினர் கட்டணத்தால் நடக்கும் நூலகம். கிளை நூலகத்தின் அடிப்படை வேறு. விடுதலைக்குப் பின் இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்ததுதான். அதன்படி வீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறார். இன்று அது ரூபாய்க்கு 10 காசு. வாசலில் யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கிற உரிமை அந்த வரியிலிருந்து வருகிறது. ஊரில் பாதிப் பேருக்குத் தங்கள் வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருப்பதே தெரியாது. தெரிந்துகொண்டால், இந்த நூல் வேண்டும், அந்தப் பிரிவு வேண்டும் என்று உரிமையோடு கேட்பார்கள். கேட்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

நூல் பரிந்துரைப் பதிவேடு ஒன்று மேசையில் இருக்கிறது. அதில் எழுதியவை என்ன ஆயின என்று எழுதியவருக்குத் தெரிவிக்கும் வழக்கம் இங்கே இல்லை. நான் எழுதிய நூல்களில் ஒன்று வந்து சேர்ந்திருப்பதையே தற்செயலாக அலமாரியில் பார்த்துத்தான் அறிந்தேன். வந்தது, வரவில்லை, அச்சில் இல்லை என்று எதிரே ஒரு சொல் எழுதினால் போதும்.

நடக்க இயலாதவர்களுக்கு நூலை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் நூலக நண்பர்கள் திட்டம் இந்தக் கிளையில் நன்றாக நடக்கிறது என்பதை அழுத்தமாகவே பதிவு செய்கிறேன். மலையில் இதன் அருமை தனி. அரை மைல் தூரம்தான் என்றாலும் அது இருநூறு படிகளாக இருக்கும். எங்கள் தெருவுக்குக் கீழே இருக்கும் முதியவர் ஒருவருக்குக் கல்லூரி மாணவி ஒருத்தி நூல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். சென்ற முறை என்ன படித்தார், எது பிடிக்கவில்லை என்பதைக் கேட்டுக்கொண்டு வந்து நூலகரிடம் சொல்கிறாள். அதற்கேற்ப அடுத்த நூலை அவர் எடுத்து வைக்கிறார். 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன காலத்திலிருந்து, வாசகரைத் தேடி நூல் போகும் வழக்கம் தமிழ்நாட்டில் இருந்து வருகிறது. இந்தப் பெண் முதுகுப்பையில் பாலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு போகும் நூல்களும் அந்த வழியில் வந்தவைதான்.

கண்பார்வை குறைந்தவர்களுக்கு ஒரு யோசனை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். இங்கே இருக்கும் கணினியில் அதைத் திறந்து காட்டச் சொன்னால் பொறுமையாகக் காட்டுகிறார்கள். நான் காலையில் மனம் தெளிவாக இருக்கும்போது கட்டுரை நூல்களையும், மாலையில் முன்பே படித்த நாவல்களையும் வைத்துக்கொள்கிறேன். பணியில் இருந்தபோது நூல்களின் தலைப்பையும் பொருளடக்கத்தையும் பார்த்துப் பகுப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. அன்று எண் மட்டும் எழுதி அனுப்பிய நூல்களை இன்று முழுமையாகப் படித்து முடிக்கிறேன். அதற்கு வேண்டிய நூல்களில் பெரும்பாலானவற்றை இந்தச் சிறிய கிளை எனக்குத் தந்திருக்கிறது.

புதிதாகச் சேருகிறவர்கள் முகவரிச் சான்றின் நகலும், காப்புத் தொகையும், சிறிய ஆண்டுச் சந்தாவும் கொண்டுபோனால் அன்றைக்கே நூல் எடுத்து வரலாம். படிப்பறையில் உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதே இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை துணிப்பையில் நூலைக் கொண்டுபோகாதீர்கள். குடை இருந்தாலும் சாரல் பையின் அடியில் இறங்கும். வீட்டில் நூலை அடுப்பங்கரைச் சுவரை ஒட்டியோ, ஈரத்துணி காயும் அறையிலோ வைக்க வேண்டாம். தேடுகிற நூல் அலமாரியில் அகப்படவில்லை என்றால், இல்லை என்று முடிவு செய்துவிடாமல் நூலகரிடம் கேளுங்கள். உலர்த்தும் மேசையில் இருக்கலாம், கட்டுக்குப் போயிருக்கலாம், பின்னறையில் முறைக்குக் காத்திருக்கலாம். புனைகதை வேண்டுவோர் ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டு மூன்று அலமாரிகளையும் பார்த்துவிடுவது நல்லது. அகர வரிசையில் அடுக்கும் வேலைக்கு நாள் குறித்தால் கைகொடுக்க விருப்பமுள்ளவர்கள், வாசகர் வட்டப் பதிவேட்டில் பெயரை எழுதி வையுங்கள். என் பெயருக்குக் கீழே நிறைய இடம் இருக்கிறது.